சட்டத்தின் இயக்கத்தால்: ஓர் ஆங்கிலத் தொடரும் நம் மக்களின் குடியுரிமையும்



ஆங்கிலத்தில் நான்கே சொற்கள் கொண்ட ஒரு தொடர் உண்டு: "பை ஆப்பரேஷன் ஆஃப் லா." வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் நாள்தோறும் புழங்கும் தொடர் இது. கேட்பதற்கு ஏட்டளவில் நின்றுவிடும் சொல்போலத் தோன்றும். ஆனால் நம் மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவின் தலைப்பிலேயே இத்தொடர் இருக்கிறது. மலாய் வாசகத்தில் அதை "மெலாலூயி குவாட் குவாசா உண்டாங்-உண்டாங்" என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர் கையில் நீல அடையாள அட்டை இருப்பதற்கும் சிவப்பு அட்டை இருப்பதற்கும், ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் எளிதாகச் சேர்வதற்கும் சேர முடியாமல் அலைவதற்கும் பின்னால் இந்த நான்கு சொற்கள் நிற்கின்றன. இத்தொடரின் பொருள் என்ன, அது நம் தோட்டத்து மக்களின் வாழ்க்கையில் எப்படிப் புகுந்தது, என்னென்ன விளைவுகளை உண்டாக்கியது என்பதை இன்றைய உரையில் பார்ப்போம்.

முதலில் சொற்பொருள். "ஆப்பரேஷன்" என்றதும் நமக்கு ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். இங்கே அது அறுவைச் சிகிச்சை அன்று. இயங்குதல், வேலை செய்தல் என்பதே அச்சொல்லின் அடிப்படைப் பொருள். இயந்திரம் இயங்குவதுபோலச் சட்டமும் இயங்குகிறது. அந்த இயக்கத்தால் ஒரு விளைவு ஏற்படுகிறது. அவ்விளைவு ஏற்படுவதற்கு யாரும் மனுப்போட வேண்டியதில்லை. எந்த அதிகாரியும் மனம் இரங்க வேண்டியதில்லை. ஆகவே "சட்டத்தின் இயக்கத்தால்" என்று இத்தொடரைத் தமிழில் சொல்லலாம்.

நம் தோட்டத்து வழக்கத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். விடியற்காலையில் எழுந்து, பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பாலெடுத்து, கொட்டகையில் நிறுத்துக் கணக்கெழுதியாகிவிட்டது. அந்த வேலைக்குரிய சம்பளம் அப்போதே உங்களுக்குச் சொந்தமாகிவிட்டது. அதைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க நிர்வாகிக்கு உரிமை கிடையாது. ஆனால் தீபாவளிக்கு முன்பணம் வேண்டுமென்றால் நிலைமை வேறு. கிராணியாரிடம் சொல்ல வேண்டும். அவர் துரையிடம் சொல்ல வேண்டும். துரை கொடுக்கவும் செய்யலாம், மறுக்கவும் செய்யலாம். முன்னது உரிமை, பின்னது இசைவு. "அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது நம் பழமொழி. "பை ஆப்பரேஷன் ஆஃப் லா" என்பதோ, அழாத பிள்ளைக்கும் பால் உண்டு என்று சொல்கிற சட்டமொழி.

வேறு இடங்களிலும் இத்தொடர் வரும். ஒருவர் தம் சார்பில் காரியம் பார்க்க இன்னொருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுதிக் கொடுத்தவர் இறந்துபோனால், பொதுவாக அந்த அதிகாரமும் அத்துடன் முடிந்துவிடும். அதை யாரும் தனியே ரத்துச் செய்ய வேண்டியதில்லை. ஒன்று நடந்தது, சட்டம் இயங்கியது, விளைவு ஏற்பட்டது. இதுதான் இத்தொடரின் சாரம்.

குடியுரிமையைப் பொறுத்தவரை நம் அரசமைப்பு முதன்மையாக மூன்று வழிகளைக் காட்டுகிறது. முதலாவது, சட்டத்தின் இயக்கத்தால் குடிமகனாவது. இரண்டாவது, மனுச்செய்து பதிவின் மூலம் குடிமகனாவது. மூன்றாவது, அந்நியராக வந்து பல ஆண்டுகள் வாழ்ந்தவர், நிபந்தனைகளை நிறைவேற்றிய பின் குடிமகனாக ஏற்றுக்கொள்ளப்படுவது. முதல் வழியில் சட்டமே கொடுக்கிறது. மற்ற இரண்டிலும் நாம் கேட்க வேண்டும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, இனி வரலாற்றுக்குள் போவோம்.

கிள்ளானுக்கு அருகே போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1972-இல்தான் அதற்குப் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர் பலர் கால் வைத்த மண் அது. அங்கிருந்து காப்பார், பந்திங், கேரித் தீவு, பத்தாங் பெர்ஜுந்தை என்று ரப்பர்த் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். ரயில்வேயில் வேலை கிடைத்தவர்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் குடியேறினார்கள். அந்நாளில் "நீ எந்த நாட்டுக் குடிமகன்?" என்று யாரும் கேட்கவில்லை. சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர் பிரிட்டிஷ் பேரரசின் பிரஜை. வந்து சேர்ந்த இடமும் பிரிட்டிஷாரின் ஆதிக்கத்தில் இருந்த நாடு. அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் கேட்கப்படாத கேள்வி இல்லாமற்போய்விடவில்லை. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் சம்பள உயர்வும் மரியாதையான நடத்துமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குத் தலைமையேற்றவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன் கைதுசெய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அதை எதிர்த்துக் கொந்தளித்த தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. பிரிட்டிஷ் பிரஜை என்ற பெயர், நாடு கடத்தும் கட்டளையிலிருந்து நாதனைக் காப்பாற்றவில்லை. ஒரு நாட்டில் உழைப்பது வேறு, அந்த நாட்டில் இருக்கும் உரிமையைப் பெற்றிருப்பது வேறு என்ற உண்மையை அந்நிகழ்ச்சி எடுத்துக் காட்டியது.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே இன்னொரு மாற்றமும் வந்திருந்தது. 1938-இல் இந்திய அரசாங்கம், மலாயாவுக்குக் கூலித் தொழிலாளரை உதவிப்பணம் கொடுத்து அனுப்புவதைத் தடைசெய்தது. புதிய ஆட்கள் வருவது குறைந்தது. லயங்களில் இங்கேயே பிறந்த பிள்ளைகளின் தொகை கூடியது. 1947-ஆம் ஆண்டுக் குடிமதிப்புக் கணக்கின்போது மலாயா இந்தியரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இங்கே பிறந்தவர்கள். 1957-இல் ஏறத்தாழ மூன்றில் இருவர் இங்கே பிறந்தவர்கள். "பிழைக்க வந்தவர்கள்" என்று சொல்லப்பட்ட சமூகம், பிறந்து வளர்ந்த சமூகமாக மாறிக்கொண்டிருந்தது. ஆனால் சட்டம் அதே வேகத்தில் மாறவில்லை.

1946-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் மலாயன் யூனியன் ஏற்பட்டது. அத்திட்டம் குடியுரிமையைத் தாராளமாக வழங்க முனைந்தது. சுல்தான்களின் அதிகாரத்தையும் மலாய் மக்களின் நிலையையும் அது பாதிக்கிறது என்று மலாய் மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதனால் அத்திட்டம் கைவிடப்பட்டு, 1948-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் மலாயாக் கூட்டரசு பிறந்தது. அக்கூட்டரசு ஒப்பந்தம் சட்டத்தின் இயக்கத்தால் வரும் பிரஜாவுரிமைக்கு வரம்புகளை இறுக்கியது. இந்தியர், சீனர் ஆகியோரைப் பொறுத்தவரை, கிள்ளான் போன்ற மலாய் மாநிலப் பகுதிகளில் பிறந்தது மட்டும் போதாது என்றாயிற்று. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அவர் நெடுங்காலம் தொடர்ந்து இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்பதுபோன்ற நிபந்தனைகள் வந்தன. அந்த வரம்புக்குள் வராதவர் மனுச்செய்துதான் உரிமை பெற வேண்டும். 1952-இல் இந்த விதிகள் ஓரளவு தளர்ந்தன. ஆனாலும் பிறப்பு ஒன்றே போதும் என்ற நிலை வரவில்லை.

அந்த நாளில் ஒரு லயத்து வீட்டை எண்ணிப் பாருங்கள். தகப்பன் சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்; மகன் காப்பாரில் பிறந்தவன். தகப்பன் எந்த ஆண்டில் கப்பலிறங்கினார் என்பதற்கு எழுத்துச் சான்று வேண்டும். அந்தச் சான்று எங்கே இருக்கும்? பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியராக இருந்தவருக்கு வேலையில் சேர்ந்த நாள் முதல் அரசாங்கக் கோப்பில் பதிவு இருக்கும். தோட்டத் தொழிலாளிக்கு இருந்ததெல்லாம் கிராணியார் எழுதிய செக்ரோல்தான். தோட்டம் மாறினால் செக்ரோலும் மாறும். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியதால், ஒரே ஆள் ஒரு தோட்டத்தில் முத்துசாமி, அடுத்த தோட்டத்தில் முத்தன் என்று இருப்பதும் உண்டு. சட்டம் ஒன்றுதான், அதன்முன் நிற்கும்போது ஒருவர் கையில் காகிதம் இருந்தது, இன்னொருவர் கையில் பால்வாளி மட்டுமே இருந்தது.

இந்தியாவின் பக்கம் கதவு திறந்திருந்ததா என்று கேட்பீர்கள். 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-இல் நடப்புக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 8-ஆவது விதி, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினரும் இந்தியக் குடிமகனாகலாம் என்று சொன்னது. ஆனால் அவர் இந்தியத் தூதரகப் பிரதிநிதியிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அங்கேயும் பதிவு! ஆக, இங்கேயும் மனுச்செய்யாமல் அங்கேயும் பதியாமல் இருந்த ஒரு தொழிலாளி, இரண்டு நாடுகளில் எதற்கும் குடிமகனாகாமல் நடுவில் நிற்க நேர்ந்தது. மரம் வெட்டிக் கொண்டிருந்தவருக்கு அது தெரியவும் இல்லை. அன்றாட வாழ்க்கையில் அப்போதைக்கு எதுவும் மாறவில்லை அல்லவா?

இந்த நிலையில்தான் சுதந்திரம் நெருங்கியது. 1956-இல் ரீட் பிரபு தலைமையில் ஓர் ஆணைக்குழு வந்து அரசமைப்பை வரைந்தது. அதில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளைச் சேர்ந்த சட்ட அறிஞர்கள் இருந்தார்கள். அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. ஆகிய மூன்று கட்சிகளும் சேர்ந்த கூட்டணி தன் கோரிக்கைகளை அதன்முன் வைத்தது. துங்கு அப்துல் ரகுமான் அம்னோவுக்கும், துன் வீ. தி. சம்பந்தன் ம.இ.கா.வுக்கும் தலைமை தாங்கிய காலம் அது. குடியுரிமை பற்றி மூன்று தரப்பும் விட்டுக்கொடுத்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அதன்படி, 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாளிலும் அதற்குப் பின்னும் கூட்டரசில் பிறக்கும் எந்தக் குழந்தையும் சட்டத்தின் இயக்கத்தால் குடிமகன். தகப்பன் எங்கே பிறந்தார், தாய் எங்கே பிறந்தார் என்ற கேள்வி இல்லை.

இதன் பெருமையை நாம் சரியாக உணர வேண்டும். கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் சுதந்திரம் அறிவிக்கப்பட்ட அந்த நாளில், கிள்ளானுக்கு அருகே ஏதோ ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்த குழந்தை, முதல் மூச்சு விட்டபோதே இந்நாட்டின் குடிமகன். அதன் தகப்பன் யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை; பாரம் நிரப்பவில்லை; மொழிப் பரீட்சை எழுதவில்லை. சட்டம் இயங்கியது. அவ்வளவுதான்.

ஆனால் அதே தொட்டிலில் முன்பு ஆடிய அண்ணன் கதை என்ன? ஆகஸ்டு 31-க்கு முன் பிறந்து, பழைய விதிகளின்படி உரிமை கிடைக்காதவனாக இருந்தால், அவன் பதிவுக்கு மனுச்செய்ய வேண்டும். பெற்றோரும் மனுச்செய்ய வேண்டும். இத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், ஓரளவு மலாய் மொழியறிவு வேண்டும் என்ற நிபந்தனைகள் இருந்தன. மெர்டேக்காவுக்குப் பின் ஓராண்டுக்குள் மனுச்செய்பவரில் இங்கே பிறந்தவர்களுக்கு மொழிச் சோதனையிலிருந்து விலக்கும் தரப்பட்டது. ஒரே லயம், ஒரே குடும்பம். தம்பிக்குச் சட்டமே கொடுத்தது. அண்ணன் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

நாடு முழுவதும் ஏராளமானோர் அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக் கொண்டார்கள். ஆனால் தோட்டங்களில் தவறவிட்டவர்களும் பலர். அதற்குக் காரணங்கள் இல்லாமலில்லை. பதிவு அலுவலகம் பட்டணத்தில் இருந்தது. போய்வர ஒருநாள் சம்பளம் போகும். பாரம் எழுதக் கையெழுத்தறிந்தவர் வேண்டும். "இங்கேயே பிறந்தோம், இங்கேயே வேலை செய்கிறோம், நம்மை யார் கேட்கப் போகிறார்கள்?" என்ற எண்ணம் சிலருக்கு. "என்றைக்காவது ஊருக்குப் போய்விடுவோம்" என்ற நினைப்பு வேறு சிலருக்கு. குடியுரிமை இல்லாமலும் பால் வெட்டலாம், சம்பளம் வாங்கலாம், மாரியம்மன் திருவிழாவில் காவடி எடுக்கலாம் என்றிருந்த காலம் அது. விளைவு கண்ணுக்குத் தெரியாதபோது சொல்லின் கனமும் தெரியாது.

இதற்கிடையே சட்டம் மீண்டும் மாறியது. 1962-ஆம் ஆண்டில் அரசமைப்பு திருத்தப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் மாதம் முதல், இந்நாட்டில் பிறந்தால் மட்டும் போதாது. பிறக்கும்போது பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும், அல்லது அக்குழந்தை வேறெந்த நாட்டுக்கும் குடிமகனாகப் பிறக்காததாக இருக்க வேண்டும் என்று ஆயிற்று. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். அதுவரை பெற்றோரின் நிலை பெற்றோரோடு நின்றது. அதன்பின், தகப்பனும் தாயும் எடுக்காமல் விட்ட காகிதம் பிள்ளையின் உரிமையையும் தொடத் தொடங்கியது.

அலட்சியமாக விட்டதன் விளைவு 1969-இல் முகத்தில் அறைந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கூறியது. மறு ஆண்டில் அது கண்டிப்பாக அமலுக்கு வந்தது. பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் ஒரே நிரையில் மரம் வெட்டியவர், தாம் வெட்டிய மரத்தை மறுநாள் வெட்டுவதற்கு அனுமதி கேட்க வேண்டியவரானார். பெர்மிட் கிடைக்காமலும், கிடைக்காது என்று அஞ்சியும், ஏறத்தாழ 60,000 பேர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவர்களில் தமிழ்நாட்டைப் பார்த்தே இராத பிள்ளைகளும் இருந்தார்கள். குடும்பங்கள் பிரிந்தன, நீல அட்டை வைத்திருந்தவர் இங்கே, சிவப்பு அட்டை வைத்திருந்தவர் அங்கே. எங்கோ ஒரு சட்டப் புத்தகத்தில் இருந்த தொடர், லயத்து வாசலில் வந்து மூட்டை கட்டச் சொன்னது.

நம் நிலையை இலங்கைத் தோட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இத்தொடரின் மதிப்பு இன்னும் விளங்கும். நம்மைப்போலவே தமிழ்நாட்டிலிருந்து போய், மலையகத்தில் தேயிலை வளர்த்த மக்கள் அவர்கள். 1948-ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம், வம்சாவளியால் குடியுரிமை, பதிவால் குடியுரிமை என்று இரண்டு வழிகளை மட்டுமே வைத்தது. மண்ணில் பிறந்தது ஒரு தகுதியாகக் கொள்ளப்படவில்லை. தகப்பன் வழியில் தலைமுறைகளைக் காட்ட வேண்டும். காட்டக் காகிதம் இல்லை. இலட்சக்கணக்கானோர் ஒரே சட்டத்தால் நாடற்றவரானார்கள். 1964-இல் சிறிமாவோ, சாஸ்திரி ஆகிய இரு பிரதமர்களும் ஓர் ஒப்பந்தம் செய்து, 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், மீதியுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசுவது என்றும் முடிவு செய்தார்கள். மனிதரை மூட்டைபோல் எண்ணிப் பிரித்த கணக்கு அது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் அங்கே எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க வழி பிறந்தது. 1957-இல் நமக்குக் கிடைத்த நான்கு சொற்கள் எவ்வளவு பெரியவை என்பதை இதிலிருந்து அறியலாம்.

நேயர்களே, இப்போது இவ்வுரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். சட்டத்தின் இயக்கத்தால் உரிமை வருகிறது என்றால், நாம் ஒன்றுமே செய்ய வேண்டாமா? இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். இத்தொடரை நம்மவர்கள் "தானாகவே" என்று தமிழில் சொல்லிக்கொள்வதுண்டு. தானாக வருவது உரிமை மட்டும். சான்று தானாக வராது.

சட்டம் எதன்மேல் இயங்குகிறது? நடந்த உண்மைகளின்மேல் இயங்குகிறது. இந்தப் பிள்ளை இந்நாட்டில் பிறந்தது. இந்தத் தாய்க்குப் பிறந்தது. பிறந்தபோது பெற்றோர் இன்ன நிலையில் இருந்தார்கள். இந்த உண்மைகளை எழுத்தில் காட்டும்போதுதான் பதிவிலாகா அதிகாரி, "ஆம், இப்பிள்ளை குடிமகன்" என்று ஒப்புக்கொள்ள முடியும். அவர் உரிமையைக் கொடுப்பவர் அல்லர். இருக்கும் உரிமையைக் கண்டு சொல்பவர். ஆனால் கண்டு சொல்வதற்கு அவருக்குக் கண்ணாக இருப்பது பிறப்புப் பத்திரம். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பார்கள். குடியுரிமை விஷயத்தில் ஏட்டில் ஏறாத சுரைக்காயும் கறிக்கு உதவுவதில்லை.

பிறப்பைப் பதியாமல் விட்டதற்குத் தோட்டங்களில் எத்தனையோ காரணங்கள். மருத்துவச்சி வீட்டிலேயே பிரசவம் பார்த்திருப்பார். ஆஸ்பத்திரிச் சீட்டு இராது. பேர் வைக்க நல்ல நாள் பார்த்துக் கொண்டிருக்கையில் பதிவுக்குரிய நாள் கடந்துவிடும். தாய் இறந்து, பாட்டி பிள்ளையை வளர்த்திருப்பார். 1950-களிலும் 60-களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னாளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்ட நிலங்கள் வீடமைப்புக்கும் சாலைகளுக்கும் போனபோதும், குடும்பங்கள் இடம் மாறின. சாமான் செட்டுகளோடு பழைய காகிதங்களும் சிதறிப்போயின.

இன்னொரு காரணம் உண்டு. அதைப் பலர் அறிவதில்லை. அதுதான் திருமணப் பதிவு. 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் நம் வழக்கப்படி நடந்த கலியாணங்களைச் சட்டம் பதிவானவையாகவே ஏற்றுக்கொண்டது. அதன்பின் நடக்கும் கலியாணங்களைப் பதிவு செய்ய வேண்டும். கோவிலில் தாலி கட்டி, ஊர் கூடி வாழ்த்தி, விருந்து வைத்தாகிவிட்டது. இனி என்ன பதிவு என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பதிவில்லாதபோது, பிள்ளை திருமணத்துக்கு வெளியே பிறந்ததாகக் கொள்ளப்படும் நிலை ஏற்படுகிறது. அப்படிப்பட்ட பிள்ளையைப் பொறுத்தவரை, குடியுரிமை விதிகளில் "தகப்பன்" என்றோ "பெற்றோர்" என்றோ வரும் இடத்தில் "தாய்" என்றே கொள்ள வேண்டும் என்பது அரசமைப்பின் இரண்டாம் அட்டவணை கூறும் விதி. தகப்பன் நீல அட்டைக்காரராக இருந்தும், தாயிடம் பத்திரம் இல்லையென்றால், தகப்பனின் உரிமை பிள்ளையைச் சென்று சேராமற் போகலாம். தாலி கணவன் மனைவியை இணைக்கிறது. பதிவுப் பத்திரம் தகப்பனையும் பிள்ளையையும் சட்டத்தின் கண்ணில் இணைக்கிறது. இரண்டும் வேண்டும்.

அத்தகைய பிள்ளை வளரும்போது என்ன நேர்கிறது? பள்ளியில் சேர்க்கப் பத்திரம் கேட்பார்கள். 12 வயதில் மற்ற பிள்ளைகள் அடையாள அட்டை எடுக்கும்போது அது ஒதுங்கி நிற்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில் கூடுதல் கட்டணம்; நல்ல வேலைக்கு மனுப்போட வழியில்லை; வாக்களிக்க முடியாது; பெண்ணாயின், அவள் பிள்ளைக்கும் அதே துன்பம் தொடரும். இது ஓரிரு குடும்பங்களின் கதையன்று. 2011-ஆம் ஆண்டு பிப்ரவரியில் "மைடாப்தார்" என்ற பெயரில் அரசாங்கம் இந்தியச் சமூகத்தாருக்காக ஒரு பதிவு இயக்கம் நடத்தியபோது, பத்திரமில்லாமல் இருந்த ஆயிரக்கணக்கானோர் முன்வந்தார்கள்.

நம் காலத்திலும் இந்த நான்கு சொற்கள் நீதிமன்றங்களில் ஒலித்துக்கொண்டுதான் இருக்கின்றன. பெற்ற தாய் யாரென்று தெரியாமல், பிறந்தவுடன் கைவிடப்பட்டு, வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்த ஒரு பிள்ளையின் வழக்கை 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் விசாரித்தது. அப்பிள்ளை சட்டத்தின் இயக்கத்தால் குடிமகன் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் இன்னொரு வழக்கு. மலேசியத் தகப்பனுக்கும் வெளிநாட்டுத் தாய்க்கும், அவர்கள் மணம் பதியுமுன், வெளிநாட்டில் பிறந்த பிள்ளை குடிமகன் ஆகுமா என்ற கேள்வி எழுந்தது. ஏழு நீதிபதிகளில் நால்வர் ஆகாது என்றார்கள். மூவர் ஆகும் என்றார்கள். கற்றறிந்த நீதிபதிகளே இருகூறாகப் பிரியும் அளவுக்கு இத்தொடரின் பொருள் ஆழமானது.

சட்டமும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் நாடாளுமன்ற மக்களவை குடியுரிமை விதிகளில் மீண்டும் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. மலேசியத் தாய் வெளிநாட்டில் பெறும் பிள்ளைக்கும், தகப்பன்வழிப் பிள்ளையைப்போலவே சட்டத்தின் இயக்கத்தால் உரிமை உண்டு என்பது அதன் நல்ல பகுதி. ஆனால் பெற்றோரில் ஒருவர் நிரந்தரவாசியாக இருந்தாலே போதும் என்று முன்பு இருந்த வழியை அத்திருத்தம் நீக்குகிறது. சிவப்பு அட்டையோடு வாழும் குடும்பங்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். நேற்றுவரை கேட்காமலே கிடைத்தது, நாளை கேட்டுப்பெற வேண்டியதாகலாம். ஆகவே சிவப்பு அட்டை வைத்திருக்கும் தாத்தா பாட்டி, பெற்றோர் யாராயினும், "இத்தனை காலம் ஓடிவிட்டது, இனி எதற்கு?" என்று இருந்துவிடாமல், உரிய வழியில் மனுச்செய்வதே பேரப்பிள்ளைகளுக்குச் செய்யும் பேருதவி.

தாய்மார்களே, தகப்பன்மார்களே! பிள்ளை பிறந்தால் பேர்சூட்டும் நாளுக்குக் காத்திராமல், சட்டம் குறித்துள்ள நாள்களுக்குள் பதிவு செய்யுங்கள். பத்திரம் கைக்கு வந்ததும் பேர், தகப்பன் பேர், தாய் பேர், அடையாள அட்டை எண் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால், பள்ளி செல்லும் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பிழையிருந்தால் அன்றே திருத்தச் சொல்லுங்கள். கலியாணத்தைப் பதிவு செய்யுங்கள். பழைய பத்திரங்கள், செக்ரோல் நகல்கள், கப்பல் பாஸ்போர்ட்டு, தொழிற்சங்க அட்டை எதையும் குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். தாத்தாவின் பெட்டிக்குள் கிடக்கும் மஞ்சளேறிய காகிதம் பேரனின் உரிமையை நிலைநாட்டும் சாட்சியாகலாம்.

சட்டத்தின் இயக்கத்தால் என்று அரசமைப்பு சொல்லும்போது, யாருடைய தயவையும் எதிர்பாராத பெரிய உரிமை ஒன்றை அது நம் பிள்ளைகளுக்குத் தருகிறது. 1957-இல் பல சமூகத்தார் கூடிப் பேசி, விட்டுக்கொடுத்து ஏற்படுத்திய உரிமை அது. சட்டம் தன் வேலையைச் செய்துவிடும். பிறப்பையும் மணத்தையும் பதிந்து, அந்தச் சட்டத்துக்குக் கண் கொடுப்பது நம் வேலை.